டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சத்தம்

பெங்களூரின் பீன்யா வழியாகத் துமகூரு சாலையில் தினமும் கார் ஓட்டுகிறவர்களுக்கு வண்டியின் சின்னச் சின்னச் சத்தமெல்லாம் அத்துப்படி. ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம் அதிகம் என்பதுதான் காரணம். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் டயரும் எதிர்க்காற்றும் எழுப்பும் இரைச்சல் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். கொரகுண்டேபாளையா சிக்னலில் வண்டி நின்று, கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்காரும்போதுதான் டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து அது காதில் விழுகிறது: ஒரு 'டர்ர்ர்', அல்லது கீச்சென்று இழுக்கும் ஒரு சத்தம், அல்லது காலடியில் தரையே லேசாக நடுங்கும் ஓர் உறுமல்.

சத்தம் போடுவது புளோவர். குளிர்நாடுகளில் இதை ஹீட்டர் ஃபேன் என்பார்கள், நாம் ஏசி ஃபேன் என்கிறோம். இரண்டும் ஒன்றே. ஒரே விசிறி காற்றை உறிஞ்சி, முதலில் ஏசியின் குளிர்க்குழாய்கள் வழியாகவும் பிறகு ஹீட்டரின் சிறு ரேடியேட்டர் பக்கமாகவும் தள்ளுகிறது. அந்தச் சிறு ரேடியேட்டருக்குள் எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு வரும் வெந்நீர் ஓடுவதால், சூடு நமக்கு ஏறத்தாழ இலவசம். பெங்களூரில் ஹீட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் ஜனவரி விடியலில் முன்கண்ணாடியில் பனி படியும்போது அதன் அருமையை அறிவார்கள். இந்த ஊரில் 1884 ஜனவரியில் 7.8 டிகிரி வரை குளிர் இறங்கியதாகப் பதிவு இருக்கிறது. கோடையில் ஏசி, குளிரில் ஹீட்டர், மழையில் கண்ணாடியின் ஆவியை விரட்டுதல் என்று வருடம் முழுக்க ஓய்வில்லாமல் சுற்றும் ஒரே மோட்டார் அது.

இந்தச் சத்தத்தோடு வண்டியை விட்டால், "மோட்டாரோட மாத்திடலாம் சார்" என்ற பதில் அடிக்கடி வரும். முழு யூனிட்டையும் மாற்றினால் சத்தம் போய்விடும், உண்மைதான். ஆனால் எது கெட்டது என்று யாருக்கும் தெரியாமலே போகும். பெரும்பாலும் நல்ல மோட்டார் ஒன்று பழைய இரும்போடு சேரும். எனக்கு இது வீண் செலவாக மட்டும் படவில்லை, வருத்தமாகவும் இருக்கிறது. ஏனெனில் இந்த விசிறி எழுப்பும் ஒவ்வொரு சத்தமும் தன் காரணத்தைத் தானே சொல்கிறது. அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளத் தேவையான இயற்பியல் பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிடுகிறது.

கேட்பதற்கு முதலில் எஞ்சினை அணைக்க வேண்டும். சாவியை 'ஆன்' நிலையில் மட்டும் வைத்து, புளோவரை ஒன்றாம் வேகத்திலிருந்து நான்கு வரை ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். முழு வேகத்தில் இந்த மோட்டார் பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும், பேட்டரி இறங்கிவிடும். அதனால் சில நிமிடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எஞ்சின் நின்றதும் சத்தமும் நின்றால் புளோவர் நிரபராதி. பெல்ட்டையோ ஏசி கம்ப்ரசரையோ பார்க்க வேண்டும். சத்தம் தொடர்ந்தால் அடுத்த கேள்வி: வேகம் ஏற ஏறச் சத்தத்தின் சுருதியும் ஏறுகிறதா, இல்லையா?

சுருதி ஏறினால், சுற்றுக்கு ஒருமுறை ஏதோ நடக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது ஓர் இலை.

பெங்களூரின் மரங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலை, குல்மோஹரின் பொடியிலை, புங்கம்பூ எல்லாம் முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்கு அடியில் உள்ள வலைக்கம்பி வழியாக உள்ளே விழுகின்றன. வெளிக்காற்று நுழையும் வாசல் அதுதான். நடுவில் ஃபில்டர் இருந்தால் சருகு அங்கே நிற்கும். சில வருடங்களுக்கு முன்வரை விற்ற பல சிறு கார்களில் ஃபில்டர் வைக்க இடம் இருக்கும், ஃபில்டர் இருக்காது. அப்படிப்பட்ட காரில் சருகு நேரே விசிறிச் சக்கரத்துக்குள் போய், இதழ்களுக்கு நடுவே செருகிக்கொள்ளும். அதன் நுனி சுற்றுக்கு ஒருமுறை கூட்டின் சுவரில் உரசும். மெதுவான ஓட்டத்தில் நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை தட்டும். அதை நாம் தனித்தனித் தட்டல்களாகக் கேட்கிறோம். நொடிக்கு இருபதைத் தாண்டும்போது காதால் பிரித்துக் கேட்க முடியாது. தட்டல்கள் ஒன்றாகக் கலந்து ஓர் உறுமலாகிவிடும். ஒன்றாம் வேகத்தில் 'டிக் டிக்', நான்காம் வேகத்தில் 'டர்ர்ர்' என்றால் இரண்டு பழுது இல்லை, ஒரே சருகுதான்.

உரசாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள் இன்னும் பெரிய தொந்தரவு. இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விசிறிச் சக்கரத்தின் ஆரம் 7 சென்டிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு 3000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். விளிம்பில் ஒரே ஒரு கிராம் எடை ஒருபக்கமாக ஒட்டியிருந்தால், அது அச்சை வெளிநோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 7 நியூட்டன். அதாவது 700 கிராம் எடையைக் கையில் தூக்கிப் பிடித்தால் தெரியும் கனம். அந்த இழுப்பு ஒரே திசையிலும் இல்லை. நொடிக்கு ஐம்பது முறை எல்லாத் திசையிலும் சுழன்று சுழன்று இழுக்கிறது. தரை நடுங்குவதுபோலத் தோன்றுவது இதனால்தான். வேகத்தைப் பாதியாக்கினால் விசை பாதியாகாது, கால்பங்காகும்; வேகத்தின் இருமடி அதில் இருக்கிறது. ஒன்று, இரண்டில் சாதுவாக ஓடிவிட்டு மூன்றாம் வேகத்தில் திடீரென்று உறுமும் புளோவரைச் சந்தேகமில்லாமல் சமநிலை கெட்டது என்று சொல்லிவிடலாம்.

எவ்வளவு எடை வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பதற்குப் பன்னாட்டுத் தர அளவு உண்டு. விசிறிகளுக்குப் பொதுவாகக் கொள்ளும் தரம் 'ஜி 6.3'. நம் சக்கரத்தின் எடை இருநூறு கிராம் என்று வைத்துக்கொண்டு 3000 சுற்றில் அதைப் பொருத்திப் பார்த்தால், விளிம்பில் சுமார் 57 மில்லிகிராம்வரைதான் அனுமதி. மூன்று அரிசி மணிகளின் எடைகூட இல்லை. இதழ்களில் தூசி ஒருபக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் அப்பியிருந்தாலே அந்த வரம்பு போய்விடும். பீன்யாவில் தூசிக்கு என்ன குறை? வார்ப்படம், கிரைண்டிங், பவுடர் கோட்டிங் என்று எல்லாப் பொடியும் சாலையோரக் காற்றில் உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்று அளக்கும் நிலையமே இங்கே இருக்கிறது.

சமநிலை என்ற விஷயத்தில் இந்தியாவில் மிகவும் கைதேர்ந்த இடங்களில் பீன்யாவும் ஒன்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பக்கத்து ஜாலஹள்ளியில் கடைசல் இயந்திரங்கள் செய்ய 1953-இல் எச்.எம்.டி. நிறுவப்பட்டது. துமகூரு சாலையிலேயே 1962-இல் மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம் வந்தது. 1970-களில் பீன்யா தொழிற்பேட்டையாக வளர்ந்தபோது, அந்தத் திறமையெல்லாம் ஆயிரக்கணக்கான சிறு பட்டறைகளுக்குள் பரவியது. தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து லேத்தின் முன்னே வாழ்நாளைக் கழித்த தமிழர்கள் அதில் ஏராளம். இங்கே 'பேலன்சிங்' என்றால் எல்லோருக்கும் தெரியும். மோட்டாரின் ரோட்டாரையோ பம்பின் இம்பெல்லரையோ இரண்டு தாங்கிகளில் வைத்துச் சுற்றவிடுவார்கள். தாங்கிகளின் அதிர்வை உணரிகள் அளக்கும். எந்தக் கோணத்தில் எத்தனை கிராம் அதிகம் என்று இயந்திரம் காட்டும். அந்த இடத்தில் துளைபோட்டு எடையைக் குறைப்பார்கள், அல்லது எதிர்ப்பக்கம் சிறு எடையைச் சேர்ப்பார்கள். அகலமான உருளைகளுக்கு இரண்டு முனையிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு முனையில் இந்தப் பக்கமும் மறுமுனையில் அந்தப் பக்கமும் கனம் இருந்தால், நிறுத்திவைத்துப் பார்க்கும்போது சமமாகத் தெரியும், சுற்றும்போது தலையாட்டும்.

கார் புளோவரின் சக்கரமும் தொழிற்சாலையில் இப்படித்தான் சமப்படுத்தப்பட்டு வருகிறது. பிளாஸ்டிக் இதழ் ஒன்றில் சின்ன உலோகக் கிளிப் செருகியிருப்பதைப் பார்க்கலாம். சுத்தம் செய்கிறவர்கள் அதை ஏதோ மாட்டிக்கொண்ட குப்பை என்று பிடுங்கிப் போட்டுவிடுவதுண்டு. அதைத் தொடவே கூடாது. சக்கரத்தைக் கழுவுவதானால் முழுக்கக் கழுவ வேண்டும். பாதியில் விட்டால் முன்பைவிட மோசமாக உறுமும்.

அந்தச் சக்கரத்தின் வடிவம் தனியாகப் பார்க்கத் தக்கது. மேஜை விசிறிபோல மூன்று இறக்கைகள் அதற்கு இல்லை. உருளை ஒன்றின் விளிம்பில் நாற்பது ஐம்பது குட்டையான இதழ்கள், எல்லாம் சுற்றும் திசையில் முன்னோக்கி வளைந்தவை. நடுவில் காற்றை வாங்கி விளிம்பில் வீசும். இதன் கதை இந்தியாவில் தொடங்குகிறது. 1864-இல் அயர்லாந்திலிருந்து அசாமின் கச்சார் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த இளைஞர் சாமுவேல் கிளீலண்ட் டேவிட்சன். பறித்த தேயிலையைக் கரி நெருப்பின்மேல் வாட்டும் பழைய முறை அவருக்குப் பொறுக்கவில்லை. சூடான காற்றைச் செலுத்தி இலையை உலர்த்தும் இயந்திரங்களைச் செய்தார். ஊர் திரும்பி 1881-இல் பெல்ஃபாஸ்ட்டில் 'சிராக்கோ' என்ற பெயரில் தொழிற்சாலை நிறுவினார். உலர்த்தியில் காற்றைத் தள்ள நல்ல விசிறி தேவைப்பட்டது. அந்தத் தேடலில்தான் முன்வளைந்த இதழ்களை உடைய விசிறி பிறந்தது. 1898-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கச்சாரின் தேயிலைக்குச் சூடான காற்று தந்த அதே வடிவம் இன்று ஒவ்வொரு காரின் ஹீட்டரிலும் சுற்றுகிறது.

முன்வளைந்த இதழில் என்ன சிறப்பு? இதழ் விட்டெறியும் காற்று, இதழின் நுனியைவிட வேகமாக வெளியேறும். ஆகவே அதே அளவு காற்றுக்குச் சக்கரம் மெதுவாகச் சுற்றினால் போதும், அளவிலும் சிறியதாக இருக்கலாம். மெதுவாகச் சுற்றுவது காதுக்குப் பெரிய உபகாரம். விசிறியின் ஒலித்திறன் ஏறக்குறைய வேகத்தின் ஐந்தாம் மடியில் ஏறுகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் சுமார் 15 டெசிபல் குறைந்துவிடும். புளோவரை நான்கிலிருந்து இரண்டுக்கு இறக்கியதும் காருக்குள் திடீரென்று அமைதி வருவது இதனால்தான்.

இன்னொரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அமுக்கினால் சத்தம் கூடுகிறதே என்று பலர் கேட்பார்கள். அது பழுது இல்லை. விசிறியின் உறிஞ்சுவாய் அப்போது பயணியின் கால்பக்கம் திறந்துகொள்கிறது. அதன் இயல்பான ஒலி நேராக உள்ளே வருகிறது. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் வேறு மாதிரி: காற்று குறையும், சுருதி சற்றே ஏறும். தள்ளக் காற்று இல்லாதபோது இவ்வகை விசிறிக்குச் சுமை குறைவதால் மோட்டார் கொஞ்சம் வேகமாக ஓடும்.

இனி கீச்சுச் சத்தம். இதுவே எனக்கு மிகவும் பிடித்த பகுதி, சி.வி. ராமனை இங்கே துணைக்கு அழைக்கலாம் என்பதால்.

வேகத்தை ஏற்றினாலும் இறக்கினாலும் கீச்சின் சுருதி பெரிதாக மாறாது. ஒரு வேகத்தில் வரும், இன்னொன்றில் காணாமல் போகும். குளிர்ந்த காலையில் முதல் சில நிமிடங்கள் கத்திவிட்டு அடங்கும். இங்கே கத்துவது சக்கரம் இல்லை, அச்சும் அதைத் தாங்கும் புஷ்ஷும். எண்ணெய் வறண்ட இடத்தில் உலோகம் உலோகத்தை ஒரு கணம் பிடித்துக்கொள்ளும். இழுவிசை கூடியதும் சட்டென்று வழுக்கும், மறுபடி பிடிக்கும். நின்றிருக்கும் பரப்புகளுக்கிடையிலான உராய்வு, வழுக்கும் பரப்புகளுக்கிடையிலானதைவிட அதிகம் என்பதே இதன் வேர். வயலின் வில்லும் தந்தியும் செய்வது அச்சாக இதுதான். திருச்சியில் 1888-இல் பிறந்த ராமன், கல்கத்தாவில் இருந்த காலத்தில் வில்லால் இழுக்கப்படும் தந்தியின் இயக்கத்தை ஆழமாக ஆராய்ந்து 1918-இல் விரிவான நூலாக வெளியிட்டார். வில்லின் அழுத்தத்தையும் வேகத்தையும் துல்லியமாகக் கட்டுப்படுத்த வயலின் வாசிக்கும் இயந்திரம் ஒன்றையே அமைத்துப் பரிசோதனை செய்தார். வில்லின் வேகம் மாறினாலும் சுருதி மாறாது. அதைத் தீர்மானிப்பது தந்தி. புளோவரிலும் அப்படியே. அச்சின் வேகம் எதுவானாலும் புஷ்ஷும் கூடும் எந்தச் சுருதியில் அதிர இயல்பாக விரும்புகின்றனவோ அதில்தான் கீச்சு பிறக்கிறது. ராமன் 1933-இல் பெங்களூருக்கு வந்து, 1970-இல் மறையும்வரை இங்கேயே இருந்தார். அவர் 1948-இல் தொடங்கிய ஆய்வு நிறுவனம் இருக்கும் சதாசிவநகர், பீன்யாவிலிருந்து அதிக தூரம் இல்லை.

புஷ் ஏன் வறள்கிறது என்பதை அறிய அது செய்யப்பட்ட விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொண்ணூறு பங்கு செம்புத் தூளும் பத்துப் பங்கு வெள்ளீயத் தூளும் கலந்து அச்சுப்பெட்டியில் அழுத்தி, செம்பு உருகாத அளவுக்குச் சூடேற்றினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவில் நுண்துளைகள் மிஞ்சும். பார்வைக்குக் கெட்டியான வெண்கல வளையம்; உள்ளே பஞ்சுபோல ஐந்தில் ஒரு பங்குக்குமேல் வெற்றிடம். அந்தத் துளைகளில் எண்ணெயை ஊறவைத்துவிடுவார்கள். அச்சு சுற்றிச் சூடேறும்போது எண்ணெய் உலோகத்தைவிட அதிகமாக விரிந்து வெளியே கசிந்து வழவழப்பைத் தரும். நின்று குளிர்ந்ததும் நுண்துளைகள் தந்துகிக் கவர்ச்சியால் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். யாரும் எண்ணெய் விடாமலே பல்லாண்டு ஓடுவதற்காகச் செய்த ஏற்பாடு. தூசி கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயை உறிஞ்சித் துளைகளை அடைத்ததும் இந்தச் சுழற்சி தளர்கிறது. குளிர்காலையில் மிச்சமிருக்கும் எண்ணெய் கெட்டிப்பட்டு வெளிவரத் தாமதமாகும், அதுவரை கீச்சு.

இங்கே பலரும் கையில் கிடைக்கும் துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்துவிடுகிறார்கள். உடனே அமைதி கிடைக்கும். சில நாளில் முன்னைவிடப் பெரிதாகக் கத்தும். அதிலுள்ள கரைப்பான் துளைகளில் எஞ்சிய நல்ல எண்ணெயையும் கரைத்துக்கொண்டு ஆவியாகிவிடுவதே காரணம். மேலும் மோட்டாருக்குள் கார்பன் பிரஷ்கள் தீப்பொறி விட்டுக்கொண்டிருக்கும். ஓடும் மோட்டாரின்மேல் எரியக்கூடிய ஆவியை அடிப்பது ஆபத்து. கிரீஸும் கூடாது, துளைகளை அடைத்துவிடும். பீன்யாவில் எந்த ஆயில் கடையிலும் கிடைக்கும் 68-ஆம் எண் டர்பைன் ஆயில் இரண்டு மூன்று சொட்டுப் போதும். புஷ்ஷை லேசாகச் சூடாக்கி எண்ணெய் விட்டால், குளிரும்போது தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். அதிகமாக விட்டால் கார்பன் பிரஷ்ஷில் வழிந்து கரிச்சேறு ஆகும். சக்கரத்தின் பக்கத்துப் புஷ் எளிதில் எட்டும். மறுமுனையில் இருப்பது பெரும்பாலும் மோட்டார் டப்பாவைப் பிரித்தால்தான் தெரியும்.

திருப்பத்தில் மட்டும் உரசும் சத்தம் வந்து, நேர்ச்சாலையில் மறைந்தால் புஷ் தேய்ந்து அகன்றுவிட்டது என்று பொருள். வண்டி வளையும்போது சக்கரம் ஒருபுறம் சாய்ந்து கூட்டைத் தொடுகிறது. இதற்கு எண்ணெய் மருந்தாகாது.

கழற்றுவது கடினமில்லை. நம் ஊர்க் கார்களில் புளோவர் இடதுபக்கப் பயணியின் கால்மாட்டில், கிளவ் பாக்ஸுக்குக் கீழே இருக்கும். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிட்டுத் தொடங்க வேண்டும். அந்தப் பக்கம் மஞ்சள் உறை போட்ட ஒயர்கள் தென்பட்டால் அவை ஏர்பேக்குக்குப் போகிறவை, அவற்றைத் தொடவேண்டாம். ஒரு கனெக்டர், பெரும்பாலும் மூன்று ஸ்க்ரூ. மோட்டார் சக்கரத்தோடு கையில் இறங்கிவிடும். சக்கரத்தை விரலால் மெல்லச் சுற்றிவிட்டுப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றி மெதுவாக நின்றால் புஷ் நலம். அச்சைப் பக்கவாட்டில் ஆட்டும்போது கடகடவென்றால் தேய்மானம், அப்போது தாராளமாக மாற்றலாம். பீன்யாவின் பழைய மெக்கானிக்குகள் இன்னும் ஒன்று செய்வார்கள்: நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டார் உடலில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் பிடித்துக் கேட்பார்கள். உலோகம் அதிர்வைக் காற்றைவிட நன்றாகக் கடத்துகிறது. கரகரப்பு எந்த முனையிலிருந்து வருகிறது என்பதை அவர்கள் சொல்லிவிடுவார்கள். பல வருடம் கேட்டுப் பழகிய காதுக்கு நான் மிகுந்த மரியாதை கொடுக்கிறேன்.

சத்தத்தைப் பொறுத்துக்கொண்டே ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புஷ் இறுகினால் மோட்டார் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றும் மோட்டாரில் எதிர்மின்னழுத்தம் குறையும், அதனால் அது கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். பழைய முறைக் கார்களில் குறைந்த வேகங்களுக்கு மின்னோட்டம் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகிறது. அந்த ரெசிஸ்டரைக் குளிர்விப்பதும் இதே விசிறியின் காற்று. காற்று குறைந்து, மின்னோட்டம் கூடி, ரெசிஸ்டரின் வெப்ப ஃபியூஸ் ஒருநாள் போய்விடும். ஒன்று, இரண்டு, மூன்று வேலை செய்யாமல் நான்காம் வேகம் மட்டும் ஓடும் காரைப் பார்த்திருப்பீர்கள். ரெசிஸ்டரை மட்டும் மாற்றி, இறுகிய புஷ்ஷை விட்டுவைத்தால் புதியதும் அதே வழியில் போகும்.

மழைக்காலம் தொடங்குமுன் வைப்பருக்கு அடியில் கிடக்கும் சருகைக் கையால் அள்ளிவிடுங்கள். அதே இடத்தில் மழைநீர் இறங்கும் துளையும் இருக்கிறது. அது அடைத்தால் நீர் நேரே புளோவருக்குள் வழிந்து புஷ்ஷையும் கார்பன் பிரஷ்ஷையும் சேர்த்துக் கெடுக்கும். ஃபில்டருக்கு வெறும் இடம் மட்டும் விட்டிருக்கும் கார் என்றால், அதற்குரிய ஃபில்டர் கடைகளில் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். மரத்தடியில் நிறுத்தும்போது உள்காற்று நிலைக்கு மாற்றிவிட்டு இறங்கினால், வெளிக்காற்றின் கதவு மூடிக்கொண்டு சருகுக்கு வழியில்லாமல் போகும்.